சேர்வராயன் மலையில் துருவத்துக்கு ஓர் ஒத்திகை

நவம்பர் 14, வெள்ளி – சேலம்

சித்தப்பாவின் மகள் பணியாற்றும் ஆய்வகத்தில், துருவப் பகுதிகளில் பாறையோடு ஒட்டி வளரும் லைக்கன் என்னும் பூஞ்சை-பாசிக் கூட்டுயிர்களில், ஈயம் போன்ற கனஉலோகங்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று அளக்கிறார்கள். துருவத்திலிருந்து காகித உறையில் வந்துசேரும் மாதிரி பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டால் மறுபடி அளக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே புதிய அளவுமுறை எதையும் முதலில் நம் ஊர் லைக்கனில் செய்து பார்த்துவிட்டுத்தான் துருவத்து உறையைப் பிரிப்பார்களாம். அந்த ஒத்திகைக்கான சரக்கைச் சேகரிக்க விடுப்பில் சேலம் வந்திருந்தவள், ஏற்காட்டுக்குத் துணையாக வர முடியுமா என்று கேட்டாள். மலைக்காற்று வாங்கலாம் என்ற ஒரே நினைப்பில் திருச்சியிலிருந்து கிளம்பி வந்தேன்.

மாலையில் அஸ்தம்பட்டியில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே காரச் சட்டினி, பச்சைச் சட்டினி, துருவிய பீட்ரூட், வெங்காயம் எல்லாம் வைத்து அழுத்தித் தருகிறார்கள். ஒரு தட்டு நாற்பது ரூபாய். பிறகு செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு அழைத்துப் போனாள். மளிகைக் கடையில் அவள் கேட்டது கல்பாசி. கடைக்காரர் கையில் ஒரு கொத்தை அள்ளியபடியே, "பிரியாணிக்குங்களா, குழம்புக்குங்களா?" என்றார். "ஆராய்ச்சிக்குங்க" என்றாள். "அதுக்கும் அதே வெலைதானுங்க" என்று சிரிக்காமல் சொல்லி ஐம்பது கிராமை நிறுத்துப் போட்டார், எண்பது ரூபாய். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, மூட்டை வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார்.

நாம் குழம்பில் போடும் அந்தக் கருஞ்சாம்பல் சருகு, பார்மோட்ரீமா என்னும் லைக்கன். அது செடியுமல்ல, வெறும் பாசியுமல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் ஓருடலாகச் சேர்ந்து வாழும் கூட்டு. பூஞ்சை இருப்பிடமும் ஈரமும் தருகிறது, பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. இந்தக் கூட்டுக்கு வேர் இல்லை; இலையின் மேல் இருப்பது போன்ற மெழுகுப் படலமும் இல்லை. மழை, பனி, மூடுபனி, தூசி என்று காற்று கொண்டுவருவதை உடல் முழுவதாலும் வாங்கிக்கொள்கிறது; வேண்டாததை உதிர்க்க அதற்கு ஆண்டுதோறும் இலையுதிர்காலமும் கிடையாது. நுண்தூசி பூஞ்சை இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது, நீரில் கரைந்த உலோக அயனிகள் செல்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, ஒரு சிறு பங்கு மெல்ல உயிரணுவுக்குள்ளும் போகிறது. ஈயம், காட்மியம், நிக்கல், செம்பு, துத்தநாகம், பாதரசம் எல்லாம் இந்த வழிகளில்தான் சேர்கின்றன.

இதைக் கேட்டதும் கல்பாசி போட்ட குழம்பைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினேன். வாசனைக்காகப் போடும் சிட்டிகைக்குக் கவலைப்பட வேண்டாம், அதையே தின்று உயிர்வாழ்ந்தால்தான் கேள்வி என்றாள். அப்படி வாழும் விலங்கு ஒன்று உண்டு. வடதுருவப் பகுதியின் கலைமான்கள் பனிக்காலம் முழுவதும் பெரும்பாலும் லைக்கனையே மேய்கின்றன. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் போன கதிரியக்கச் சீசியம் ஸ்காண்டிநேவிய மேய்ச்சல் நிலத்து லைக்கன்களில் இறங்கி, அங்கிருந்து மான்களுக்கு ஏறியதால், அவற்றை வளர்த்து வாழும் சாமி என்னும் பழங்குடி மக்கள் அறுத்த மான்களின் இறைச்சி ஏராளமாகப் புதைக்கப்பட்டது.

பஜாரிலிருந்து திரும்பும் வழியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு வேப்பமரத்தின் அடியில் வெளிறிய திட்டுகளைக் கண்டு, இதையும் எடுக்கலாமே என்றேன். நகரத்துப் புகையையும் தாங்கி வளரும் பிக்ஸைன் வகையாக இருக்கலாம் என்று குனிந்து பார்த்தாள், ஆனால் கை வைக்கவில்லை. ஊதுகுழலும் உலோகம் ஒட்டவைக்கும் பற்றாசும் இருக்கும் தெருவில் எடுத்தால் அது பட்டறையைப் பற்றி மட்டுமே பேசும் என்றாள்.

நவம்பர் 15, சனி – மலைப்பாதை, ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவுகள் என்று பலகை எச்சரிக்கிறது. சனிக்கிழமை என்பதை எந்தப் பலகையும் எச்சரிக்கவில்லை. பாதி வழியில் ஒரு வளைவில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் சிக்கிக்கொள்ள, முன்னும் பின்னும் கார்கள் அடைத்துக்கொண்டு, எங்கள் பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. மூடுபனி சன்னலுக்குள் வந்துவிட்டது. முன் இருக்கையில் இருந்த மூதாட்டி என் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, "மோந்துக்க சாமி, வளைவு இன்னும் இருக்குது" என்று கொடுத்தார். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார்.

நின்ற நேரத்தில் தங்கை இறங்கிச் சாலையோரப் பாறையைப் பார்த்து வந்தாள். பாறை நிறைய லைக்கன், எடுக்கவில்லை. சாலையோரத்தில் டயர் தேய்மானத்திலிருந்து துத்தநாகமும், பிரேக்கிலிருந்து செம்பும் வந்து இறங்கும். ஈயம்கூடப் பழைய மண்ணிலிருந்து எழும்பலாம்; இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில்தான் நின்றது. உலகிலேயே கடைசியாக அதை விற்ற அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.

அன்டார்டிகாவில் இதே தொந்தரவு ஆய்வு நிலையங்களின் உருவத்தில் இருக்கிறது. டீசல் மின்னாக்கி, பனியில் ஓடும் வண்டிகள், எரிபொருள் சிந்தல், முன்பு திறந்தவெளியில் எரித்த குப்பை ஆகியவை நிலையத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிடுகின்றன. 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் உடன்பாட்டுக்குப் பிறகு குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது நின்றது. ஆனாலும் நிலையத்துக்கு அருகில் ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று, இன்னும் தள்ளி ஒன்று என்று லைக்கன்களை எடுத்து, தூரம் கூடக்கூட ஈயம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால் குற்றவாளி பக்கத்தில் இருக்கிறான். எங்கு எடுத்தாலும் ஒரே அளவாக இருந்தால் அது வெகுதூரத்திலிருந்து வந்தது, அல்லது காலடிப் பாறையிலிருந்தே வந்தது.

வெகுதூரத்திலிருந்து வரும் என்பதற்குப் பனிப்பாளமே சாட்சி. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், அன்டார்டிகப் பனியைத் துளைத்தெடுத்துப் பார்த்ததில், தொழிற்சாலை ஈயம் 1889 வாக்கிலேயே அங்கு இறங்கியிருந்தது தெரிந்தது. தென்துருவத்தில் முதல் மனிதராக ஆமுண்ட்சென் கால் வைத்தது 1911-இல்தான். அந்த ஈயத்தின் ஐசோடோப்பு அடையாளம் (எடை சற்று மாறுபட்ட ஈய அணுக்கள் கலந்திருக்கும் விகிதம்) ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத் தாதுவோடு பொருந்தியது. மாசே படாத வெள்ளைக் கண்டம் என்று நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன. எழுதுகிறவர்கள் நூறாண்டுக்கு மேல் தாமதமாக வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பனிப்பாளமே போதாதா, லைக்கன் எதற்கு என்று கேட்டேன். துளையிடும் இயந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் வேண்டியதில்லை, கை உறையும் கத்தியும் போதும் என்பது முதல் காரணம். அங்கே மரமே இல்லை, பூக்கும் தாவரங்கள் மொத்தமே இரண்டு வகை, அவையும் தீபகற்பப் பக்கத்தில் மட்டும். ஆனால் லைக்கன் நானூறு வகையளவில் பாறைகளில் பரவியிருக்கிறது என்பது இரண்டாவது. உயிருள்ள ஒன்றுக்குள் உலோகம் எவ்வளவு போகிறது என்பதைப் பனிக்கட்டி சொல்லாது என்பதை மூன்றாவதாகச் சொன்னாள். எனக்கு இதுதான் முதல் காரணமாகப் பட்டது.

மதியத்துக்கு மேல் ஏற்காடு வந்துசேர்ந்தோம். வார இறுதி என்பதால் விடுதி அறைக்கு 1,800 ரூபாய். வெந்நீர் காலையில் மட்டும். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு நாற்பது. மழை தூறலாக ஆரம்பித்து நிற்கவே இல்லை.

தூறலிலேயே சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் காப்பித் தோட்டத்துக்குப் போனோம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. தனியார் தோட்டத்தில் உடையவரிடம் கேட்டுக்கொண்டால் போதும். அன்டார்டிகாவிலோ லைக்கனும் பாதுகாக்கப்பட்ட தாவரக் கணக்கில் வருவதால், அதை எடுப்பதற்கும் அனுமதி விதிகள் உண்டு. என் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னாள். அவள் கையில் மாவு பூசாத உறை, பீங்கான் கத்தி, பிளாஸ்டிக் இடுக்கி. எஃகுக் கத்தியில் குரோமியமும் நிக்கலும் இருப்பதால், அதால் சுரண்டிவிட்டுக் குரோமியம் தேடுவது வீண். ஒரே வகை லைக்கன், சில்வர் ஓக் மரத்தில் ஏறத்தாழ ஒரே உயரம், உடலின் விளிம்புப் பகுதி மட்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். விளிம்பு அண்மையில் வளர்ந்தது, நடுப்பகுதி பழையது. துருவத்தில் இந்த வசதி இல்லை. அங்கே பாறையில் ஒட்டியிருக்கும் வகைகள் சில, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை என்பதால், விளிம்பைக் கிள்ளினாலும் பல ஆண்டுகளின் கணக்கு சேர்ந்தேதான் வரும்.

காவலாள் குடையோடு வந்து வெகுநேரம் நின்று பார்த்தார். "மரத்துக்கு ஏதாச்சும் சீக்குங்களா?" என்றார். மரத்துக்கு ஒன்றும் செய்யாது, பட்டையின் மேல் குடியிருக்கிறது, அவ்வளவுதான் என்று தங்கை விளக்கினாள். வாடகை தராத குடித்தனம் என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு – காப்பித் தோட்டம், சேர்வராயன் கோயில்

நேற்று எடுத்தவை ஈரமாக இருந்ததால், உறையில் அடைத்தால் பூசணம் பிடிக்கும் என்று, அறையில் மின்விசிறிக்குக் கீழே வடிதாளில் பரப்பிவிட்டுத் தூங்கினோம். காலையில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அறையைப் பெருக்க வந்த அம்மாள் ஒரு தாளை முழுதாக வழித்துக் குப்பை வாளியில் போட்டுவிட்டார். விடுதிக்காரர் எங்களுக்காக அவரைச் சத்தம் போட ஆரம்பிக்க, தங்கை குறுக்கே போய்த் தடுத்தாள். அந்த அம்மாள், "சருகுன்னு நெனச்சுட்டேன் கண்ணு, இதுதான் வேணும்னா எங்க ஊரு பலாமரத்துல கூடை கூடையா இருக்குதே" என்றார். அவருடைய ஊர் நாகலூர்ப் பக்கம். வேலை முடிந்ததும் அவரே எங்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனார். மூவருக்கும் அவரே காசு கொடுக்கப் பார்த்ததைத் தடுப்பது பெரும்பாடாகிவிட்டது. பலாமரம் அவர் சொன்னபடியே இருந்தது. சாலையிலிருந்து தள்ளி, அடுப்புப் புகையும் எட்டாத மேட்டில் நின்ற அந்த மரத்தைப் பார்த்ததும், வழித்தெறிந்தது நல்லதாகப் போயிற்று என்று தங்கை சொன்னாள்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் மயில்துத்தம். காலையில் தோட்டக் காவலாளிடம் பேச்சுவாக்கில், காப்பிக்கு என்ன மருந்து அடிப்பீர்கள் என்று கேட்டிருந்தாள். இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்போம் என்றார் அவர். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல்; மயில்துத்தம் என்பது செம்பு சல்பேட். ஆண்டுக்காண்டு அது தெளிக்கப்படும் தோட்டத்தில், காப்பிக்கு நிழல் தரும் மரத்தின் லைக்கனில் செம்பு கூடுதலாக இருந்தால், அதைச் சேலத்து ஆலைகளின் கணக்கில் எழுத முடியாது. துருவத்திலும் இதே செம்புச் சிக்கல் வேறு வழியில் வருகிறது. பெங்குவின்கள் தின்னும் கிரில் என்னும் இறால் போன்ற உயிரியின் இரத்தத்தில் நமக்கு இரும்பு இருக்கும் இடத்தில் செம்பு இருக்கிறது. பெங்குவின் எச்சத்தில் செம்பும் துத்தநாகமும் காட்மியமும் சேர்ந்து வெளியேறுகின்றன. பெங்குவின் குடியிருப்புக்குப் பக்கத்துப் பாறை லைக்கனை அளந்துவிட்டுச் செம்பு மாசு என்று முடிவு கட்டினால், பழி பறவையின் மேல் போக வேண்டியது மனிதன் மேல் போய்விடும். அதனால்தான் மாதிரி எடுத்த இடம், காற்றுத்திசை, பறவைக் கூடு எவ்வளவு தூரம் என்றெல்லாம் உறையின் மேலேயே எழுதிவிடுகிறார்கள்.

மதியச் சாப்பாடு பேருந்து நிலையத்துக்கு அருகே. எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம், அறுபது ரூபாய். காரம் தாராளம்.

பிற்பகலில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். 1,623 மீட்டர் உயரத்தில், மலையுச்சி என்றே தோன்றாத அகன்ற மொட்டைச் சமவெளியில், குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராக வந்து கூடுவார்கள் என்று பூசாரி சொன்னார். காற்று ஆளைத் தள்ளியது. மேகம் தரையோடு போனது. திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் வணங்கிய கையோடு தரையைக் கிளறத் தொடங்கினாள். செம்மண்ணும் துளைத்துளையான கல்லும். மலையின் தலையில் பாக்சைட். அலுமினியத் தாதுவுக்காக இந்த மலையில் சுரங்கமே வெட்டினார்கள்.

இங்கேதான் அவளுடைய உண்மையான சிக்கல் தொடங்குகிறது. லைக்கனில் சிக்கிய தூசியில் மண் எவ்வளவு, மாசு எவ்வளவு என்று பிரிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஈயத்தை அலுமினியத்தால் வகுத்து, அந்த விகிதத்தை உலக நிலமேலோட்டின் சராசரி விகிதத்தோடு ஒப்பிடுவது. அலுமினியம் பொதுவாக மண்ணிலிருந்துதான் வரும். ஆகவே இரண்டு விகிதங்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஈயமும் மண்ணிலிருந்து வந்தது, பத்து மடங்கைத் தாண்டினால் வேறெங்கிருந்தோ வந்தது என்று கொள்வார்கள். கீழே அலுமினியத் தாதுவே படுத்திருக்கும் மலையில் இந்தக் கணக்கைப் போட்டால் வகுக்கும் எண் வீங்கிவிடும், விடை சுருங்கிவிடும், உண்மையான மாசுகூட மண்ணைப் போல் ஒழுங்காகத் தெரியும். அன்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் சோலையும் பனி மூடாத வெறும் பாறைப் பரப்பு. ஓயாத காற்று பாறைத்தூளை வாரி லைக்கனில் அப்பிவிடுகிறது. எனவே உலகச் சராசரியை நம்பாமல் அந்தந்த இடத்து மண்ணையும் ஒரு பொட்டலம் எடுத்து அளந்து, அதைக் கொண்டு வகுப்பதே சரி என்று சொல்லி, கோயிலுக்கு வெகு தள்ளி ஒரு பிடி செம்மண் எடுத்துக்கொண்டாள். அலுமினியத்தோடு டைட்டானியத்தையும் சேர்த்துப் பார்க்கப் போகிறாளாம். பாக்சைட்டில் டைட்டானியமும் சேர்ந்து தேங்கும் என்பதால் அதுவும் முழு விடையல்ல என்று தானே சொல்லிக்கொண்டாள்.

அளவு சரியாக வந்ததா என்பதைச் சரிபார்க்க மட்டும் சிக்கலில்லாத வழி இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமை 336 என்று எண்ணிட்ட ஒரு லைக்கன் பொடி தருகிறது, போர்ச்சுகலில் சேகரித்தது. அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று பல நாட்டு ஆய்வகங்கள் அளந்து சான்றளித்திருக்கின்றன. ஒவ்வொரு தொகுதியோடும் அந்தப் பொடியையும் கரைத்து, சான்றிதழில் உள்ள எண் தன் கருவியிலும் வருகிறதா என்று பார்ப்பாள். கருவி பொய் சொல்லவில்லை என்பதற்கு அது உறுதி. எண்ணுக்கு என்ன பொருள் என்பதற்குப் போர்ச்சுகல் உதவாது.

நவம்பர் 17, திங்கள் – இறக்கம், சுண்ணாம்புக் கரடு

இறங்கும்போது சாலை காலி. முக்கால் மணி நேரத்தில் அடிவாரம்; மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பையில் திணிக்கும் அளவுக்கு வெயில்.

வீட்டுக்குப் போகும் முன் நகரத்தின் வடமேற்கே, வெள்ளைக்கல் எடுக்கும் மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கும் கரட்டுப் பக்கம் போக வேண்டும் என்றாள். வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்பு என்று எண்ணிப் பெயர் வைத்துவிட்டுப் போன அந்தக் கரட்டில் இருப்பது சுண்ணாம்பல்ல, மேக்னசைட். அதைச் சுமந்திருக்கும் கருநிறத் தாய்ப்பாறையில் இயற்கையாகவே நிக்கலும் குரோமியமும் மிகுதி. வடதுருவ வட்டத்தில் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் நிக்கல் உருக்கும் ஆலைகளைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு லைக்கனே அற்றுப்போயிற்று. அதற்கு அப்பால் பிழைத்திருப்பவற்றில் நிக்கலும் செம்பும் ஏறியிருக்கின்றன. அங்கே நிக்கல் என்ற பெயரையே கொண்ட ஊரின் உருக்காலை 2020 இறுதியில் மூடப்பட்டது. கோலாவில் லைக்கனில் நிக்கல் என்றால் ஆலையை நோக்கிக் கை நீட்டலாம். சேலத்தில் அப்படி நீட்டிய கை பாறையின் மேல் போய் முட்டலாம். இரும்பாலை இருக்கும் ஊர் என்பதால் நீட்ட ஆசை வரும்; வழக்குக்கு நிற்காது.

வேலிக்கு வெளியே ஒரு புளியமரத்தில் கிடைத்ததை எடுத்தோம். எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர், சுரங்கத் தூசியைப் பற்றிக் கேட்க வந்த அதிகாரிகள் என்று எங்களை நினைத்து முதலில் அளந்துதான் பேசினார். பிறகு மாதிரி உறையை வாங்கிப் பார்த்து, இந்தப் பாசியா தூசியைக் கணக்கு வைக்கிறது என்று வியந்தார். ஆடி மாதம் மேற்கேயிருந்து காற்று அடிக்கும்போது கடை முழுவதும் வெள்ளைப் பொடி படியும் என்றும், ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பிவிடுவதால் பால் சட்டியை மூடாமலே வைக்கலாம் என்றும், இது தன் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் என்றும் சொன்னார். மைத்ரியில் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்தே அடிப்பதால், மின்னாக்கிப் புகை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே தெரியும், இங்கே பருவத்துக்கு ஒரு திசையாக இருக்கிறதே என்று தங்கை சொன்னது அவருக்குப் புரிந்ததோ என்னவோ, இரண்டு தேநீருக்கு இருபத்துநான்கு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு முறுக்கை இலவசமாக வைத்தார்.

அவள் உறையை முழங்காலில் வைத்து எழுதினாள்: புளி, மேற்குப் பக்கப் பட்டை, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், சுரங்க வேலி கிழக்கே அல்ல மேற்கே, தூசி ஆடியில். கீழே சிறிய எழுத்தில், 'காற்றுத் தகவல்: தேநீர்க் கடை' என்று சேர்த்தாள்.